கொல்லாமல் தடுக்க முடியுமா? பயோஃபிலிமுக்கு எதிரான சேர்மங்களை வடிவமைப்பது பற்றி

கேள்வி இது: "பாக்டீரியாவைக் கொல்லாமல், அது பயோஃபிலிம் கட்டுவதை மட்டும் தடுக்கும் செயற்கைச் சேர்மங்களை வடிவமைக்க முடியுமா? முதுநிலை வேதியியல் படிக்கிறேன். ஆய்வுத் திட்டத்துக்கு எந்த மூலக்கூறிலிருந்து தொடங்கலாம்?"

முடியும், பலர் செய்து காட்டியும் இருக்கிறார்கள். ஆனால் எந்த மூலக்கூறு என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எந்தப் பாக்டீரியா, எந்தப் பரப்பு, படலம் உருவாவதில் எந்தக் கட்டம் என்ற மூன்றையும் முதலில் முடிவு செய்தாக வேண்டும். அது தீராமல் தொகுப்பு வேலையில், அதாவது ஆய்வகத்தில் மூலக்கூறைக் கட்டும் வேலையில், இறங்கினால், கடைசியில் கையில் நல்ல தூய்மையான சேர்மம் இருக்கும், அது என்ன செய்கிறது என்று சொல்லத்தான் தெரியாது. இந்தத் துறையில் அப்படிப்பட்ட கட்டுரைகள் ஏராளம்.

பயோஃபிலிம் பற்றித் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். திரவத்தில் தனியாக நீந்தும் பாக்டீரியா ஒரு பரப்பைத் தொடுகிறது. முதலில் தளர்வாக ஒட்டுகிறது, பிறகு விடாப்பிடியாக. அங்கேயே பெருகி, தன்னைச் சுற்றிக் கொழகொழப்பான ஒரு பொதிவைச் சுரக்கிறது. அந்தப் பொதிவில் பாலிசாக்கரைடு, புரதம், செல்லுக்கு வெளியே வந்துவிட்ட டிஎன்ஏ எல்லாம் இருக்கும். முதிர்ந்த படலத்திலிருந்து சில செல்கள் பிரிந்து வேறு இடம் தேடிப் போகின்றன. பல்லில் படியும் காரை இதற்கு நல்ல உதாரணம். 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே லேவன்ஹூக் பற்காரையில் வினிகரைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, வெளிப்பக்கம் இருந்த உயிர்கள்தான் செத்தன என்று எழுதி வைத்தார். இதை மருத்துவச் சிக்கலாகவே பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது 1970களின் இறுதியில், பில் காஸ்டர்டன் போன்றோர் எழுதத் தொடங்கிய பிறகு.

படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியாவைக் கொல்ல, நீந்தும் அதே பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆன்டிபயாட்டிக்கைப் போல் 10 மடங்கிலிருந்து 1000 மடங்கு வரை தேவைப்படலாம். பொதிவு மருந்தை உள்ளே விடாததே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. ஆன்டிபயாட்டிக் வகைகளில் நேர்மின் சுமை கொண்ட அமினோகிளைகோசைடுகள் பொதிவில் சிக்கிக்கொள்ளும், ஃபுளூரோகுவினலோன்களோ பெரும்பாலும் உள்ளே போய்விடும். ஆனாலும் உள்ளே இருப்பவை சாவதில்லை, ஏனென்றால் அங்கே ஆக்சிஜனும் உணவும் குறைவு, செல்கள் வளராமல் கிடக்கின்றன. வளரும் செல்லின் இயந்திரத்தைத் தாக்கும் மருந்து, நின்றுபோன இயந்திரத்தை என்ன செய்யும்?

ஆகவே முதிர்ந்த படலத்தை உடைப்பது வேறு, உருவாகாமல் தடுப்பது வேறு. நீங்கள் கேட்பது இரண்டாவது. வேதியியல் நோக்கில் அதுதான் எளிது. மருத்துவ நோக்கில் அதற்கு ஒரு சங்கடம் உண்டு. நோயாளி மருத்துவரிடம் வரும்போது படலம் ஏற்கெனவே கட்டி முடிந்திருக்கும். தடுப்புச் சேர்மத்துக்கு வேலை இருப்பது, தொற்று எப்போது தொடங்கலாம் என்று முன்கூட்டியே தெரிந்த இடங்களில்தான்: கதீட்டர் போடும் நாள், செயற்கை மூட்டு பொருத்தும் நாள், டயாலிசிஸ் குழாயை மூடிவைக்கும் இடைவேளை. சிறுநீர்க் கதீட்டர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், சிறுநீரில் பாக்டீரியா தோன்றும் வாய்ப்பு சுமார் 3 முதல் 7 சதவீதம். எந்த நாள் பூஜ்ய நாள் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரியும் தொற்று வேறு அதிகமில்லை.

சரி, எங்கே தாக்கலாம்? எனக்குப் பிடித்த இலக்கு முதல் கட்டமான ஒட்டுதல். இதில் மிக அழகாக வேலை நடந்திருப்பது ஃபிம்ஹெச் என்ற புரதத்தில். சிறுநீர்ப்பாதைத் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலை, டைப் 1 பிலி என்ற மெல்லிய இழைகளின் நுனியில் இதை வைத்திருக்கிறது. சிறுநீர்ப்பையின் உட்பரப்புப் புரதங்களில் தொங்கும் மேனோஸ் சர்க்கரையை ஃபிம்ஹெச் பிடித்துக்கொள்கிறது. சிறுநீர் ஓட்டம் இழுக்க இழுக்கப் பிடி தளர வேண்டும் என்றுதானே எதிர்பார்ப்போம்? இது இன்னும் இறுகுகிறது.

மேனோஸ் உட்காரும் குழி ஆழமானது, குறுகலானது. சர்க்கரையின் ஹைட்ராக்சில் தொகுதிகளை ஹைட்ரஜன் பிணைப்புகளால் சுற்றி வளைத்துப் பிடிக்கிறது. அதனால் சர்க்கரைப் பகுதியில் கை வைக்க இடமே இல்லை. ஒரு ஹைட்ராக்சிலைத் திருப்பினாலும் பிணைப்பு போய்விடும். ஆனால் முதல் கார்பன் குழிக்கு வெளியே பார்த்தபடி இருக்கிறது. குழியின் வாயில் 48ஆம், 137ஆம் இடங்களில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இரண்டு நிற்கிறது. முதல் கார்பனில் ஆல்ஃபா பக்கமாக ஒரு பைஃபீனைல் தொகுதியை (இரண்டு பென்சீன் வளையங்கள் இணைந்தது) இணைத்தால், அதன் வளையம் இந்த டைரோசின் வளையங்களின் மேல் படிந்துகொள்கிறது. வெறும் மேனோஸ் மைக்ரோமோலார் அளவில் பிணையும். மேனோசோடு இப்படி வேறு தொகுதி சேர்ந்த இந்த மேனோசைடுகள் நானோமோலார் அளவுக்கு இறங்கின, அதாவது மிகக் குறைந்த அடர்த்தியிலேயே பிணைந்தன. மேனோசுக்குப் பக்கத்திலுள்ள வளையத்தில் ஆர்த்தோ இடத்தில் ஒரு மெத்தில் அல்லது டிரைஃபுளூரோமெத்தில் வைத்தபோது வீரியம் இன்னும் கூடியது. செயின்ட் லூயிசிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஹல்ட்கிரன், ஜேம்ஸ் ஜானெட்கா ஆகியோரின் குழுக்கள் இதை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துத் தொற்று குறைவதைக் காட்டின. சர்க்கரைக்கும் வளையத்துக்கும் நடுவிலுள்ள ஆக்சிஜன் பிணைப்பு உடலில் உடையக்கூடும் என்பதால், பின்னர் அதைக் கார்பன் பிணைப்பாக மாற்றிய வகைகளும் வந்தன.

இதை இவ்வளவு விரித்துச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இலக்கு செல்லுக்கு வெளியே இருக்கிறது. ஈ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு உள்ள கூடுதல் வெளிச்சவ்வைத் தாண்ட வேண்டாம், உள்ளே போனதை வெளியே தள்ளும் பம்புகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். இந்தத் துறையில் பாதிச் சேர்மங்கள் சாகும் இடமே அந்தச் சவ்வுதான். இதே இழைகள் செல்லுக்குள் கட்டப்படுவதையே நிறுத்தும் பிலிசைடுகள் என்ற 2-பிரிடோன் வகைச் சேர்மங்களை ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெட்ரிக் ஆல்ம்க்விஸ்ட் குழுவினர் உருவாக்கினார்கள். எண்ணம் அருமையானது. ஆனால் அவை வெளிச்சவ்வைத் தாண்டியே ஆக வேண்டும்.

ஒட்டுதலைத் தாக்குவதன் குறை, அது ஒரு பாக்டீரியாவுக்கே உரியதாகிவிடுவது. ஃபிம்ஹெச்சைத் தடுத்தால் ஈ.கோலையும் அதன் நெருங்கிய சில உறவுகளும்தான் திணறும். கதீட்டரின் சிலிக்கோன் பரப்பு உடலுக்குள் போன சிறிது நேரத்திலேயே நோயாளியின் புரதங்களால் மூடப்பட்டுவிடுகிறது. என்டரோகாக்கஸ் என்ற வேறொரு பாக்டீரியா அதில் படிந்த ஃபைப்ரினோஜன் என்ற இரத்தப் புரதத்தைப் பிடித்து ஏறுகிறது. அதற்கு மேனோசைடு ஒரு பொருட்டே அல்ல.

பல பாக்டீரியாக்களுக்கும் பொதுவாக வேலை செய்யும் சேர்மம் வேண்டுமென்றால், கடல் பஞ்சுகளின் பக்கம் திரும்ப வேண்டும். ஏஜிலாஸ் வகைப் பஞ்சுகளில் ஓராய்டின், புரோமோஏஜிலிஃபெரின் போன்ற ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. பிந்தையதைத் தொகுப்பது பெரிய தலைவலி. அப்போது வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த கிறிஸ்டியன் மெலாண்டர் குழுவினர் வேறு மாதிரி யோசித்தார்கள். முழு மூலக்கூறையும் கட்டாமல், எந்தத் துண்டு வேலை செய்கிறது என்று வெட்டி வெட்டிப் பார்த்தார்கள். கடைசியில் மிஞ்சியது 2-அமினோஇமிடசோல் வளையம். அதை வைத்துக்கொண்டு மறுமுனையை மாற்றி மாற்றிப் பெரிய நூலகமே, அதாவது ஒரே குடும்பச் சேர்மங்களின் தொகுதியே, உருவாக்கினார்கள். பல வகைகள் வளர்ச்சியைத் தடுக்காத அளவிலேயே படலத்தைத் தடுத்தன, அதுவும் கிராம்-பாசிட்டிவ், கிராம்-நெகட்டிவ் இரண்டிலும். அசினெட்டோபாக்டர் பௌமானி என்ற பாக்டீரியாவில் இவை பிஎஃப்எம்ஆர் என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தோடு பிணைவதாகப் பின்னால் தெரிந்தது. முதலில் விளைவு, பிறகு இலக்கு என்ற வரிசை. இன்றைக்குக் கணினியில் புரதத்தைத் திறந்து டாக்கிங் (மூலக்கூறு புரதத்தின் குழியில் எப்படிப் பொருந்தும் என்ற கணிப்பு) ஓட்டித் தொடங்குவதே ஒழுங்கான வழி என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பயோஃபிலிம் விஷயத்தில் அந்த வரிசையை அப்படியே நம்ப நான் தயாரில்லை. டாக்கிங் மதிப்பெண்ணை மட்டும் வைத்து "பயோஃபிலிம் தடுப்பான்" என்று தலைப்பிடுவது சரியல்ல.

இந்த வளையத்தைக் கட்டும் வேதியியல் முதுநிலை மாணவருக்கு எட்டக்கூடியதே. ஆல்ஃபா-புரோமோ கீட்டோனை அசிட்டைல் குவானிடினோடு வினைபுரியச் செய்யலாம், அல்லது ஆல்ஃபா-அமினோ கீட்டோனைச் சயனமைடோடு சேர்க்கலாம். தூய்மையாக்குவதில்தான் பொறுமை சோதிக்கப்படும். மூலக்கூறு மிகவும் போலார், நடுநிலை பி.எச்.சில் புரோட்டான் ஏறியபடி இருக்கும், சாதாரணக் கரைப்பான்களில் சிலிக்காவை விட்டு நகராது. அம்மோனியா ஏற்றிய மெத்தனாலை டைகுளோரோமீத்தேனோடு கலந்து ஓட்டினால் இறங்கிவரும். அப்புறம் ஹைட்ரோகுளோரைடு உப்பாக மாற்றி வைத்துக்கொள்வது வழக்கம்.

அடுத்தது எல்லோரும் முதலில் கேட்பது: கோரம் சென்சிங். பாக்டீரியாக்கள் சிறு மூலக்கூறுகளை வெளியிட்டு, அவற்றின் அடர்த்தியை வைத்துத் தங்கள் கூட்டம் எவ்வளவு பெரிது என்று அறிந்து, அதற்கேற்ப மரபணுக்களை இயக்கும் முறை. ஒளிரும் கடல் பாக்டீரியாவில் 1970இல் இதன் முதல் தடயம் கிடைத்தது. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவில் லாஸ், ஆர்எச்எல் என்ற இரண்டு அமைப்புகள் அசைல் ஹோமோசீரின் லாக்டோன்கள் என்ற சமிக்ஞை மூலக்கூறுகளால் பேசிக்கொள்கின்றன, மூன்றாவதாகக் குவினலோன் அமைப்பு ஒன்றும் உண்டு. 1998இல் லாஸ் அமைப்பு இல்லாத சூடோமோனாஸ் தட்டையான, சோப்பு போன்ற சேர்மத்தாலேயே கலைந்துவிடும் படலத்தைத்தான் கட்டியது என்ற முடிவு வெளிவந்ததும் துறையே அந்தப் பக்கம் ஓடியது.

அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டாஃபன் கெலெபெர்க், பீட்டர் ஸ்டைன்பெர்க் ஆகியோர் டெலீசியா புல்க்ரா என்ற சிவப்புப் பாசியின் மேல் ஏன் படலம் படிவதில்லை என்று தேடி, புரோமின் ஏறிய ஃபியூரனோன்களைக் கண்டிருந்தார்கள். அதைப் பின்பற்றிய செயற்கை ஃபியூரனோன் சி-30 ஆய்வகத்தில் அற்புதமாக வேலை செய்தது. மருந்தாக வரவில்லை. ஹாலஜன் ஏறிய அந்த வளையம் எதிர்ப்படும் தயோல்களையெல்லாம் (புரதங்களிலுள்ள கந்தகத் தொகுதிகள்) தாக்கும் அளவு வினைத்திறன் கொண்டது, நச்சுத்தன்மையும் அதனோடு சேர்ந்தே வருகிறது. 2012இல் இன்னொரு செய்தி: சூடோமோனாஸ் தன் வெளியேற்றும் பம்பின் கட்டுப்பாட்டை மாற்றிக்கொண்டு சி-30க்கு எதிர்ப்புப் பெற்றுவிடக்கூடும். கொல்லாத சேர்மத்துக்கு எதிர்ப்புத்திறன் உருவாகாது என்ற வாசகத்தை எங்கே படித்தாலும் இதை நினைவில் வையுங்கள். அழுத்தம் குறைவு என்பது சரி. அழுத்தமே இல்லை என்பது தவறு.

பாக்டீரியாவின் சமிக்ஞை மூலக்கூறிலுள்ள லாக்டோன் வளையமே ஒரு பலவீனம். காரச் சூழலில் திறந்துகொள்ளும், லாக்டோனேஸ் நொதிகளும் அதைத் திறக்கும். ஆகவே வடிவமைப்பாளர்கள் அதற்குப் பதிலாகத் தயோலாக்டோன், சைக்ளோபென்டனோன், வெறும் பென்சீன் வளையம் என்று பலவற்றை வைத்துப் பார்த்தார்கள். லாஸ் அமைப்பில் சமிக்ஞையை வாங்கும் லாஸ்ஆர் ஏற்பியின் படிக அமைப்பு 2007இல் வெளிவந்த பிறகு, இயற்கை மூலக்கூறின் அமைடு ஏற்பியிலுள்ள ஆஸ்பார்ட்டேட் 73ஐயும், லாக்டோன் கார்பனைல் டிரிப்டோஃபான் 60ஐயும் பிடித்துக்கொள்வது தெரிந்தது. பிடிப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு வால் பகுதியை மட்டும் மாற்றுவது பொதுவான உத்தி. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹெலன் பிளாக்வெல் குழு இந்த வகையில் பெரிய நூலகங்களைத் தயாரித்தது. இங்கே வினோதம் என்னவென்றால், மிகச் சிறிய மாற்றம் ஒரு தடுப்பானைத் தூண்டியாக மாற்றிவிடும். ஒரே சேர்மம் லாஸ்ஆரை ஒரு விதமாகவும், ஆர்எச்எல் அமைப்பின் ஏற்பியான ஆர்எச்எல்ஆரை வேறு விதமாகவும் நடத்தும். பிரின்ஸ்டனில் பானி பாஸ்லர் குழு 2013இல் வெளியிட்ட மெட்டா-புரோமோ தயோலாக்டோன் இரண்டு ஏற்பிகளையும் பாதித்தது, சூடோமோனாஸிடமிருந்து புழுக்களைக் காப்பாற்றியது. அதில் உண்மையில் முக்கியமான இலக்கு எல்லோரும் குறிவைத்த லாஸ்ஆர் அல்ல, ஆர்எச்எல்ஆர் என்பதுதான் அந்த ஆய்வின் சுவையான பகுதி.

இருந்தாலும் படலத் தடுப்புக்குக் கோரம் சென்சிங் மிகையாக மதிப்பிடப்பட்ட இலக்கு என்பது என் கருத்து. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபு நோய் கொண்டவர்களின் நுரையீரலில் நெடுநாள் வாழும் சூடோமோனாஸில் லாஸ்ஆர் பழுதான வகைகள் சர்வசாதாரணம், அவை படலம் கட்டியபடிதான் இருக்கின்றன. அதோடு, ஊடகத்தில் எந்தக் கார்பன் உணவு இருக்கிறது என்பதைப் பொறுத்தே படலத்தில் கோரம் சென்சிங்கின் பங்கு மாறுகிறது. நச்சுப் பொருள் உற்பத்தியைக் குறைக்க இது நல்ல இலக்கு. படலத்துக்கு அவ்வளவு உறுதியில்லை.

செல்லுக்குள் இருக்கும் சுழல் டை-ஜிஎம்பி என்ற சிறு சமிக்ஞை மூலக்கூறு இன்னும் அடிப்படையான சுவிட்ச். 1987இல் மோஷே பென்சிமன் குழு செல்லுலோஸ் தயாரிக்கும் பாக்டீரியாவில் இதைக் கண்டறிந்தது. அளவு ஏறினால் பாக்டீரியா ஒட்டி உட்காரும், இறங்கினால் நீந்திப் போகும். பரவலான பாக்டீரியாக்களில் இது உண்டு, மனித செல்கள் இதை உற்பத்தி செய்வதில்லை. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் ஒரே பாக்டீரியாவில் இதைக் கட்டும், உடைக்கும் நொதிகள் டஜன் கணக்கில் இருக்கும்போது எதைத் தடுப்பது? நைட்ரிக் ஆக்சைடு மிகக் குறைந்த அளவில் இதன் அளவைக் குறைத்துப் படலத்தைக் கலைக்கிறது என்று 2006இல் தெரிந்தது. அதை வைத்து ஒரு புத்திசாலித்தனமான வடிவமைப்பு வந்தது: செஃபலோஸ்போரின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் வளையத்தோடு நைட்ரிக் ஆக்சைடு வழங்கியைக் கட்டிவிடுவது. ஆன்டிபயாட்டிக்கை உடைக்கப் பாக்டீரியா வைத்திருக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதி அந்த வளையத்தைத் திறந்ததும் நைட்ரிக் ஆக்சைடு அங்கேயே வெளிப்படும். எதிரியின் கத்தியே பூட்டைத் திறக்கிறது. ஆனால் இது கலைப்பு, தடுப்பு அல்ல. கலைந்த செல்கள் எங்கே போகும் என்பதும் யோசிக்க வேண்டியது. 2018இல் வந்த ஓர் ஆய்வில், எலிகளின் காயத்திலிருந்த படலத்தை நொதிகளால் கலைத்துவிட்டு ஆன்டிபயாட்டிக் கொடுக்காமல் விட்டபோது, பாக்டீரியா உடலெங்கும் பரவி எலிகள் இறந்தன.

கரைசலில் மிதக்கும் மருந்தாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பரப்பையே மாற்றலாம். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் மோர்கன் அலெக்சாண்டர் உள்ளிட்டோர் நூற்றுக்கணக்கான அக்ரிலேட் பாலிமர்களைச் சிறு புள்ளிகளாகக் கண்ணாடியில் பதித்து, எதில் பாக்டீரியா ஒட்டவில்லை என்று பார்த்தார்கள். 2012இல் வெளியான முடிவு யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாதது: எஸ்டர் தொகுதியும் வளைய ஹைட்ரோகார்பனும் சேர்ந்த சில பாலிமர்கள், கொல்லும் பொருள் எதுவும் இல்லாமலேயே, ஒட்டுதலை வெகுவாகக் குறைத்தன. அது கதீட்டர் பூச்சு வரை போனது. வெள்ளிப் பூச்சை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது கொல்லும் உத்தி, கசிந்து தீர்ந்ததும் பரப்பு பழையபடி ஆகிவிடும். குழாய்க்குள் நிறைத்து வைக்கும் டாரோலிடின் கரைசலும் கொல்லும் வகைதான், ஆனால் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினோடு சேர்த்து டயாலிசிஸ் கதீட்டருக்காக 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வடிவமைப்பில் நேர்த்தி வேறு, நோயாளியிடம் போய்ச் சேர்வது வேறு.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன்: சோதனை. பெரும்பாலானோர் பயன்படுத்துவது 96 குழித் தட்டும் கிரிஸ்டல் வயலட்டும். இரவு முழுதும் வளர்த்த பாக்டீரியாவை 100 மடங்கு நீர்த்துக் குழிக்கு 100 மைக்ரோலிட்டர் ஊற்றி, சேர்மத்தோடு அசைக்காமல் ஒரு நாள் வைப்பார்கள். திரவத்தைக் கொட்டிவிட்டு, தண்ணீரில் முக்கிக் கழுவி, 0.1 சதவீதச் சாயத்தை ஊற்றிக் கால் மணி நேரம் விட்டு, மறுபடி கழுவி, காயவைத்து, ஒட்டிய சாயத்தை 30 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, 550 நானோமீட்டரில் அளப்பார்கள். சூடோமோனாஸ் என்றால் குழியின் சுவரில், திரவமும் காற்றும் சந்திக்கும் கோட்டில், ஊதா வளையம் ஒன்று தெளிவாகத் தெரியும். மலிவு, வேகம், கண்ணுக்கும் நிறைவு.

ஆனால் அந்தச் சாயம் உயிருள்ள செல், செத்த செல், வெறும் பொதிவு எல்லாவற்றையும் ஒரே மாதிரி நிறமேற்றும். கழுவும் கை மாறினால் எண் மாறும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, பாக்டீரியா குறைவாக வளர்ந்திருந்தால் படலமும் குறைவாகத்தான் இருக்கும். இதை மறைத்தோ மறந்தோ "50 சதவீதம் தடுப்பு" என்று எழுதிவிடுகிறார்கள். கொட்டுவதற்கு முன் 600 நானோமீட்டரில் கலங்கலை அளந்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது. சேர்மம் தொடக்கத்தில் வளர்ச்சியைச் சில மணி நேரம் தாமதப்படுத்தியிருக்கலாம். மறுநாள் காலை கலங்கல் சமமாகிவிடும், படலம் மட்டும் பின்தங்கி நிற்கும். அதே தட்டில், அதே ஊடகத்தில், அரை மணிக்கொரு முறை அளந்த வளர்ச்சி வளைகோடு வேண்டும், உயிருள்ள செல்களின் எண்ணிக்கையும் வேண்டும். வளர்ச்சியை நிறுத்தும் குறைந்தபட்ச அடர்த்திக்கும் படலத்தைப் பாதியாக்கும் அடர்த்திக்கும் நடுவே குறைந்தது 10 மடங்கு இடைவெளி இல்லாவிட்டால், நான் அதைப் படலத் தடுப்பான் என்று அழைக்க மாட்டேன். நல்ல இடைவெளிக்கு எடுத்துக்காட்டு நம் உடலே சுரக்கும் எல்எல்-37 என்ற பெப்டைடு. சூடோமோனாஸின் வளர்ச்சியை நிறுத்த மில்லிலிட்டருக்கு 64 மைக்ரோகிராம் தேவைப்பட்ட சோதனையில், படலத்தைத் தடுக்க 0.5 மைக்ரோகிராமே போதுமாக இருந்தது.

இந்த எச்சரிக்கை வெறும் பயமுறுத்தல் அல்ல. டி-வகை அமினோ அமிலங்கள் (புரதங்களில் வழக்கமாக இருப்பவற்றின் கண்ணாடிப் பிம்பங்கள்) பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் படலத்தைக் கலைக்கின்றன என்று 2010இல் வந்த கட்டுரை மிகப் பிரபலமானது. 2013இல் இன்னொரு குழு தோண்டிப் பார்த்தபோது, அந்த ஆய்வில் பயன்பட்ட பாக்டீரியா வகையில் டி-டைரோசினைச் சரிபார்த்து அகற்றும் நொதியின் மரபணு பழுதாகி இருந்தது தெரிந்தது. அதைச் சரிசெய்ததும் விளைவு மறைந்தது. டி-அமினோ அமிலங்கள் தவறாகப் புரதத்துக்குள் நுழைந்து வளர்ச்சியைக் கெடுத்ததே காரணம். நார்ஸ்பெர்மிடின் படலத்தைக் கலைக்கும் இயற்கைச் சமிக்ஞை என்ற 2012 கட்டுரையோ 2015இல் திரும்பப் பெறப்பட்டது. இரண்டும் உலகின் முன்னணி இதழ்களில் வந்தவை.

வேதியியலாளர் கவனிக்க வேண்டிய வேறு சில பொறிகளும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். கேட்டகால், ரோடனின், மஞ்சளிலுள்ள குர்குமின் போன்ற அமைப்புகள் எந்தச் சோதனையில் போட்டாலும் ஏதாவது விளைவு காட்டும் பேர்வழிகள். குர்குமின் நிறமுடையது, ஒளிரக்கூடியது, நீரில் நிலைப்பதில்லை, புரதங்களோடு கண்டபடி வினைபுரிகிறது. அதை "நல்ல தொடக்கப் புள்ளி" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். நீண்ட கொழுப்பு வாலும் நேர்மின் தலையும் கொண்ட எந்தச் சேர்மமும் சோப்பு போல நடந்துகொண்டு ஒட்டுதலைக் குறைக்கும், அது வடிவமைப்பின் வெற்றி அல்ல. கிராம்-நெகட்டிவ் செல்லுக்குள் போக வேண்டிய இலக்கு என்றால், இலினாய் பல்கலைக்கழகத்தில் பால் ஹெர்கென்ரோதர் குழு 2017இல் சொன்ன விதியைப் பாருங்கள்: முதன்மை அமீன் ஒன்று, தட்டையான வடிவம், சுழலும் பிணைப்புகள் குறைவு. எல்லா நேரமும் பலிக்காது, இருந்தாலும் குருட்டாம்போக்கில் போவதைவிட மேல்.

கடைசியாக, உங்கள் திட்டத்துக்கு என் பரிந்துரை: அரைல் ஆல்ஃபா-மேனோசைடுகள். அசிட்டைல் காப்பிட்ட மேனோஸிலிருந்து தொடங்கினால், இரண்டாம் கார்பனிலுள்ள அசிட்டைல் பக்கத்திலிருந்து உதவுவதால் ஆல்ஃபா வடிவமே பெரும்பாலும் கிடைக்கும். புரோமோஃபீனைல் மேனோசைடு ஒன்றைச் செய்துகொண்டு, பல்லேடியம் வினையூக்கியால் நடக்கும் சுசூகி இணைப்பில் வெவ்வேறு போரானிக் அமிலங்களைப் பூட்டி, சோடியம் மெத்தாக்சைடால் அசிட்டைல்களைக் கழற்றினால் ஒரு சிறு நூலகம் தயார். பல்லேடியம் மிச்சம் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், உலோகம் பாக்டீரியாவைத் தானே தொந்தரவு செய்யும்.

சோதனைக்கு நோயாளியிடமிருந்து எடுத்த ஆபத்தான வகை தேவையில்லை. ஆய்வக ஈ.கோலை கே-12 சாதாரண பிளாஸ்டிக்கில் ஒட்டுவதற்கே டைப் 1 பிலி வேண்டும், மேனோஸ் சேர்த்தால் அந்த ஒட்டுதல் குறையும் என்பது 1998லேயே தெரிந்த விஷயம். அசைக்காமல் வளர்த்தால் இழைகள் நன்றாக வரும். இழை உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதை பேக்கரி ஈஸ்ட்டோடு ஒரு கண்ணாடித் துண்டில் கலந்தே பார்த்துவிடலாம். ஈஸ்ட்டின் சுவரில் மேனோஸ் நிறைய இருப்பதால், இழையுள்ள ஈ.கோலை அதைத் திரிதிரியாகத் திரட்டிவிடும். உங்கள் சேர்மம் அந்தத் திரள்தலை எந்த அடர்த்தியில் நிறுத்துகிறது என்பதே முதல் எண்.

அப்புறம், வீரியமான ஒவ்வொரு மேனோசைடுக்கும் அதே பைஃபீனைல் கொண்ட கேலக்டோசைடு ஒன்றையும் தொகுத்துவிடுங்கள். கொழுப்பு நாட்டம், எடை, கரைதிறன் எல்லாம் ஏறக்குறைய ஒன்று. ஃபிம்ஹெச் மட்டும் அதைச் சீந்தாது. கேலக்டோசைடும் படலத்தைக் குறைத்தால் நீங்கள் பார்ப்பது சோப்பு விளைவு. ஃபிம்ஹெச் மரபணு நீக்கிய ஈ.கோலையில் இரண்டும் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். எல்லாக் குழியிலும் சேர்மத்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ ஒரே அளவு இருக்கட்டும், 1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். தட்டின் ஓரக் குழிகள் சீக்கிரம் ஆவியாகி எண்ணைக் கெடுக்கும், அவற்றில் வெறும் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்பக்கக் குழிகளை மட்டும் கணக்கில் எடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் மேனோசைடுக்கும் கேலக்டோசைடுக்கும் இடையிலான வேறுபாடு நின்றால், அடுத்து ஓடும் திரவத்தில், ஃபுளோ செல்லில், கன்ஃபோக்கல் நுண்ணோக்கியின் கீழ் பார்க்க நேரம் கேளுங்கள். இழுவிசையில் ஃபிம்ஹெச்சின் பிடி இறுகும் என்பதால், அசையாத தட்டில் கிடைத்த எண் அங்கே அப்படியே நிற்காது.